முடியாது என்று சொன்ன அந்தப் பையனுக்காக

சனிக்கிழமை ராத்திரி ரத்ததானக் குழுவில் நடந்ததை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கும் இதற்குள் ஸ்கிரீன்ஷாட் வந்து சேர்ந்திருக்கும். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். இன்று காலை அந்தப் படத்துக்குக் கீழே "உதவ மனசு இல்லாதவனுக்கு ரத்ததானக் குழுவில் என்ன வேலை" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு நாற்பது பேர் லைக் போட்டிருந்தார்கள். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அந்தப் பையன் போட்டது ஒரே வரி. "அண்ணே, நான் கொடுத்து 52 நாள்தான் ஆகுது, இப்ப முடியாது." அவ்வளவுதான். பிரசவ கேஸ், பி நெகட்டிவ், இரண்டு யூனிட், ராத்திரி பத்தே முக்கால் மணி. அவசரம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பொறுப்பாளர் போட்ட வாய்ஸ் மெசேஜ் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. "ஃபார்ம்ல மூணு மாசம் ஆச்சுன்னு எழுதிக் குடுத்துட்டு வாடா, யாரு பார்க்கப் போறா." பையன் பதில் போடவில்லை. ஐந்து நிமிடத்தில் அவனைக் குழுவை விட்டு நீக்கிவிட்டார்கள்.

முடியாது என்று சொல்ல உரிமை இருப்பவர்தான் தன்னார்வலர். அந்த உரிமையைப் பிடுங்கிவிட்டால் அவருக்கு வேறு பெயர் வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பெயரை வைக்காதீர்கள்.

ரத்தம் கொடுத்த ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம். இது பையன் சாக்குச் சொல்ல எடுத்த கணக்கு கிடையாது, ரத்த வங்கிகளின் விதி. 350 மில்லி எடுத்தால் அதிலிருக்கும் நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும். சிவப்பணுக்கள் பழைய அளவுக்கு வர வாரக்கணக்கில் ஆகும், இரும்புச்சத்து சேர அதற்கு மேலும் ஆகும். ஹீமோகுளோபின் 12.5 இருக்கிறதா, எடை 45 கிலோவுக்குக் குறையவில்லையா என்று பார்ப்பதும், கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்பதும் அதற்காகத்தான். அந்தப் படிவத்தில் பொய் எழுதச் சொல்கிறார் ஒரு ரத்ததானக் குழுவின் பொறுப்பாளர். தேதி விஷயத்தில் இன்றைக்குப் பொய் எழுதச் சொன்னவர் நாளைக்கு மஞ்சள் காமாலை வந்ததை மறைக்கச் சொல்ல மாட்டார் என்று எதை வைத்து நம்புவது? அந்த ரத்தம் ஏறப்போவது ஒரு நோயாளியின் உடம்பில்.

"ஒரு உயிர் போகிற நேரத்தில் விதி பேசுகிறாயே" என்று கேட்பீர்கள். உள்பெட்டியில் ஏற்கெனவே நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். சரி, பதில் சொல்கிறேன். நம் ஊரில் நெகட்டிவ் வகைக்காரர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் இருப்பார்கள், அதிலும் பி நெகட்டிவ் இன்னும் குறைவு. அதனால்தான் இருக்கிற ஒருவரைப் பொத்திப் பாதுகாக்க வேண்டும். எடுத்த சிவப்பணுவை முறையாகக் குளிரில் வைத்தால் 35 நாள், சிலவகைப் பையில் 42 நாள்கூட இருக்கும். அதனால் முதல் போன் ரத்த வங்கிகளுக்குப் போக வேண்டும், அடுத்தது பக்கத்து மாவட்டக் குழுக்களுக்கு. அன்றைக்கு ராத்திரி நான் அதைத்தான் செய்தேன். ஒரு யூனிட் ஊரிலேயே ஒரு வங்கியில் இருப்பில் கிடைத்தது. இன்னொன்றுக்குத் தஞ்சாவூரிலிருந்து ஒருவர் தம்பியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பைக்கில் வந்தார். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். இரண்டு நாளாகச் சுற்றுகிற எந்தப் படத்திலும் இந்தச் செய்தி இல்லை.

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று கேட்டால், நானே இந்தத் தப்பைச் செய்தவள். 2014-ல் நான் கொடையாளர்களைக் கூப்பிடும் இந்த வேலைக்குப் புதுசு. லேத் பட்டறையில் நைட் ஷிப்ட் பார்க்கும் ஒரு அண்ணன், ஏ நெகட்டிவ். காலை ஏழு மணிக்குப் போன் செய்தேன். "இப்பதான் ஷிப்ட் முடிஞ்சுது தங்கச்சி, சாயங்காலம் வரட்டுமா" என்றார். நான் விடவில்லை. மூன்று தடவை போன் செய்தேன், மூன்றாவது தடவை அழாத குறை. வந்தார். சாப்பிட்டேன் என்று அங்கே பொய் சொல்லியிருக்கிறார், எனக்காக. கொடுத்து முடித்துப் படியிறங்கும்போது கண் இருட்டி விழுந்து, தாடையில் மூன்று தையல். சட்டையில் கிரீஸ் கறையோடு ரத்தமும் சேர்ந்து, பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு "பரவாயில்ல தங்கச்சி, பரவாயில்ல" என்று என்னைத் தேற்றினார். அதற்குப் பிறகு அவர் என் போனை எடுக்கவே இல்லை. நான் ஒரு கொடையாளரை இழந்தேன் என்று சொன்னால் அது பொய். ஒரு நல்ல மனிதரை மிரட்டி வரவழைத்து அடிபட வைத்தேன்.

அன்றிலிருந்துதான் என் நோட்டில் ரத்த வகை, தேதியோடு இன்னொரு கட்டமும் போட்டேன். "நைட் ஷிப்ட், பத்து மணிக்கு மேல் மட்டும்." "ஏப்ரலில் செமஸ்டர்." "அம்மாவுக்குத் தெரியாது, வீட்டு நம்பருக்குப் போடாதே." "ரமலான் மாதம் கூப்பிட வேண்டாம்." "ஊசி என்றால் பயம், கூட ஒருவர் போகணும்." அந்தக் கட்டம் இல்லாமல் எத்தனை ஆயிரம் பேரைச் சேர்த்தாலும் அது வெறும் போன் நம்பர் பட்டியல். சேர்ப்பது சுலபம். கல்லூரி வாசலில் ஒரு மேசை போட்டால் ஒரே நாளில் இருநூறு பேர் எழுதித் தருவார்கள். இரண்டாவது தடவை வருகிறவர்களை எண்ணிப் பாருங்கள்.

என் அம்மாவும் ஒரு காலத்தில் தன்னார்வலர்தான், அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின் தொண்டர். 1991, புதுக்கோட்டை. கல்லுடைக்கிற பெண்களுக்கும் நடவு ஆட்களுக்கும் ராத்திரி அரிக்கேன் விளக்கு வைத்து எழுத்து சொல்லிக் கொடுத்தவர். அம்மா சைக்கிள் பழகியதும் அப்போதுதான், மாவட்டம் முழுக்கப் பெண்கள் சைக்கிளில் ஏறிய காலம் அது. ஒருதடவை எனக்குக் காய்ச்சல் என்று அம்மா ஒரு வாரம் வகுப்புக்குப் போகவில்லை. சொல்லியும் அனுப்பவில்லை. ஒருங்கிணைப்பாளராக இருந்த வாத்தியார் வீட்டுக்கே வந்துவிட்டார். திட்டுவார் என்று அம்மா கதவுக்குப் பின்னாலேயே நின்றாராம். அவர் திண்ணையில் உட்கார்ந்து, "பிள்ளைக்கு எப்படி இருக்கும்மா" என்று கேட்டுவிட்டு, சாக்பீஸ் டப்பாவை வாங்கிக்கொண்டு போய் அந்த வாரம் முழுக்க அம்மாவின் வகுப்பை அவரே எடுத்தார். இதை இன்றைக்கும் அம்மா சொல்லும்போது குரல் கம்மிவிடும். அடுத்த இரண்டு வருஷம் அம்மா ஒரு வகுப்பைக்கூட விடவில்லை.

"பொறுப்பாளரும் சம்பளம் வாங்காமல்தானே உழைக்கிறார், அவருக்கு டென்ஷன் இருக்காதா" என்கிறார்கள். இருக்கும். எனக்கும் இருக்கிறது. அதற்காக 19 வயதுப் பையன்மேல் கொட்டக் கூடாது.

"வெளியில் எழுதாமல் போனில் பேசியிருக்கலாமே" என்கிறீர்கள். பொறுப்பாளருக்கு இரண்டு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. பையனை இருநூற்று ஐம்பது பேருக்கு நடுவில் வைத்துத்தான் அவமானப்படுத்தினார்கள். அவனுக்கு மட்டும் தனிப்பேச்சு கிடையாது, அவருக்கு மட்டும் வேண்டுமா?

போன ஜூன் 14, ரத்தக் கொடையாளர் தின விழாவில் அதே பையன் காலை ஆறு மணிக்கு வந்து நாற்காலி போட்டான். பதாகை கட்டினான். மேடையில் பதினோரு பொன்னாடை போர்த்தினார்கள், ஒன்றுகூட ரத்தம் கொடுத்தவர்களுக்கு இல்லை. மத்தியானம் எலுமிச்சை சாதப் பொட்டலம் விருந்தினர்களோடு தீர்ந்துவிட்டது. வெளியில் டீக்கடையில் பன் வாங்கித் தின்றுவிட்டு வந்து நாற்காலிகளை அடுக்கினான். முகம் சுளிக்கவில்லை. நானும் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு காலத்தில் ஆஸ்பத்திரி வாசலில் காசுக்கு ரத்தம் விற்பவர்கள் இருந்தார்கள். வறுமையில் வாரத்துக்கு வாரம் வந்து கொடுத்தார்கள், தேதியில் பொய் சொல்லித்தான் கொடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொல்லி, 1998 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை வந்தது. அதற்குப் பிறகு நமக்கு இருப்பது இந்தப் பிள்ளைகளின் மனசு ஒன்றுதான். அந்த மனசை மிரட்டி வாங்க முடியாது. பழைய பொய்யை மறுபடி படிவத்தில் எழுதச் சொல்கிறீர்கள், இந்தத் தடவை காசுகூட இல்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் என்னைக் கூப்பிட்டான். "அக்கா, நான் போயிருக்கணுமோ? அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆச்சா?" என்று கேட்டான். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம். உதவ மனசு இல்லாதவன் கேட்கிற கேள்வியா இது? லைக் போட்ட நாற்பது பேரில் எத்தனை பேர் வாழ்க்கையில் ஒருதடவையாவது ரத்தம் கொடுத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், நோட்டு என் கையில்தான் இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அவனை மறுபடி குழுவில் சேர்த்து, வாய்ஸ் மெசேஜ் போட்ட அதே இடத்தில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மன்னிப்புக் கேளுங்கள். அதுவரை என் நோட்டிலிருந்து எந்த நம்பரையும் அந்தக் குழுவுக்குத் தரப்போவதில்லை. அவசரம் என்றால் எனக்குப் போன் செய்யுங்கள், எந்த நேரமானாலும் எடுப்பேன். அந்தப் பையனுக்கு 90 நாள் முடிய இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதற்கு முன்னால் யாரும் அவனைக் கூப்பிடாதீர்கள்.