பக் பிரைவேட்ஸும் பிளாட்பார டையும்

பழைய கறுப்பு வெள்ளை ஹாலிவுட் காமெடி என்றால் எனக்குக் கொஞ்சம் பைத்தியம். போன வாரம் ‘பக் பிரைவேட்ஸ்’ (1941) படத்தை நாலாவது தடவையாகப் பார்த்தேன். அபாட், காஸ்டெல்லோ என்ற காமெடி ஜோடியைப் பெரிய நட்சத்திரங்களாக்கிய படம். முதல் மூன்று தடவையும் சிரித்ததோடு சரி. இந்தத் தடவை ஏதோ உறுத்தியது.

பிளாட்பாரத்தில் டை விற்கும் இந்த இருவரைப் போலீஸ்காரர் ஒருவர் விரட்டுகிறார். சினிமா தியேட்டர் என்று நினைத்து இவர்கள் ஓடி நுழைந்த இடம், ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் இடம். கையெழுத்தும் போட்டுவிடுகிறார்கள். முகாமுக்குப் போனால் சார்ஜெண்டாக நிற்பது அதே போலீஸ்காரர்!

அமெரிக்காவில் 1940 செப்டம்பரில்தான் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்தது. அடுத்த ஜனவரியிலேயே படம் வந்துவிட்டது. பட்டாளத்தில் ஏழை பணக்காரன் கிடையாது, தைரியமாகப் பிள்ளைகளை அனுப்புங்கள் என்று சொல்ல வேண்டிய நேரம். அதற்கென்றே ஒரு கோடீஸ்வரப் பையனையும் அவனிடம் வேலை பார்த்தவனையும் ஒரே முகாமில் கொண்டுவந்து போடுகிறார்கள். அப்பாவின் செல்வாக்கில் தப்பிவிடலாம் என்று பையன் கணக்குப் போட, ஒரு வருஷம் அங்கே கிடந்தால்தான் உருப்படுவான் என்று அப்பா கைவிரித்துவிடுகிறார்.

கவாத்துக் காட்சியைச் சொல்லாமல் விட முடியாது. எல்லோரும் ஒரு பக்கம் திரும்பினால் காஸ்டெல்லோ இன்னொரு பக்கம். தோளில் வைக்கச் சொன்ன துப்பாக்கி எங்கெங்கோ போகிறது. உத்தரவு போட்டே அபாட்டுக்குத் தொண்டை வற்றிவிடும். இப்போதும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ஆனால் முடிவைக் கவனியுங்கள். பணக்காரப் பையனும் அவனுடைய வேலைக்காரனும் அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்வாகிறார்கள். வேலைக்காரன் மேலே போனதில் எனக்குச் சந்தோஷம்தான். டை விற்றவர்கள்? சிப்பாய்களாகவே நிற்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு பதவி கொடுக்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை, பார்க்கிற நமக்கும்கூட. சிரிக்க வைக்கிறவன் கீழேயே கிடக்க வேண்டும் போல.

இந்த ‘எல்லோரும் ஒன்று’ கணக்கில் கறுப்பர்களோ வரவே இல்லை. முக்கியப் பாத்திரம் ஒன்றுகூடக் கறுப்பரல்ல. நிஜ ராணுவமும் அன்று அவர்களைத் தனிப் படைப்பிரிவுகளில்தான் வைத்திருந்தது. இந்தப் பாகுபாட்டை ஒழிக்கும் ஜனாதிபதி ட்ரூமனின் ஆணை 1948இல்தான் வந்தது. ஆனால் படத்தில் ஆண்ட்ரூஸ் சகோதரிகள் ஆடிப்பாடுவது பூகி வூகி. கறுப்பர்களின் பியானோவில் பிறந்த இசை. இசைக்கு மட்டும் முகாமில் இடம் கிடைத்துவிட்டது!

இதே படத்தின் தொடர்ச்சி 1947இல் வந்தது. போர் முடிந்து இருவரும் ஊர் திரும்புகிறார்கள். திரும்பி என்ன செய்கிறார்கள்? பிளாட்பாரத்தில் டை விற்கிறார்கள். சார்ஜெண்ட் மறுபடி போலீஸ்காரர்.