796 சிசி-ய லேசா எடை போடாதீங்க
கட்டுரைல மாருதி 800-ஓட 796 சிசி இன்ஜின் இன்னிக்கு ட்ராஃபிக்குக்கு பத்தாதுன்னு போட்டுருக்கீங்க, அது ஹைவேல பறக்கறவங்க பேச்சு சார். 3 சிலிண்டர், 6 வால்வு, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலக்கற பழைய டைப்) மாடல்ல 37 எச்பி தான், ஆனா டார்க், அதாவது இழுவை, 2500 ஆர்பிஎம்லயே (இன்ஜின் மெதுவா சுத்தறப்பவே) முழுசா வந்துடும், எண்ணூர் ரோட்ல கன்டெய்னர் லாரி பின்னாடி ஊந்துகினு போறதுக்கு அதுக்கு மேல இன்னா வேணும். தொந்தரவுன்னா மழைல தான், கணேசபுரம் சப்வே தண்ணில விட்டா ஸ்பார்க் பிளக்குக்கு கரண்ட்ட பிரிச்சு அனுப்பற டிஸ்ட்ரிபியூட்டர் கேப்புல ஈரம் ஏறி இன்ஜின் விட்டு விட்டு மிஸ்ஸிங் அடிக்கும், தொடச்சு காய வெச்சா திரும்ப ஓடும், இப்ப வர்ற வண்டில ஈசியூ (இன்ஜின கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) போச்சுன்னா பர்ஸ் காலி. கூலன்ட் மட்டும் கொறைய விட்றாதீங்க, ஓவர்ஹீட் ஆனா ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கு அடியில இருக்கற சீல்) காலி, டைமிங் பெல்ட்டையும் நேரத்துக்கு மாத்துங்க. 2010ல பிஎஸ்4 புகை விதி வந்ததும் சென்னைல புதுசா விக்கறத நிறுத்துனாங்க, பார்ட்ஸு புதுப்பேட்டைல இன்னும் கெடைக்குது.