டிரக்கே இல்லாத டிரக் கம்பெனி

"இன்னும் 250 டாலர் சேர்த்துக் கொடுத்தால் இன்றைக்கே டிரைவர் கிடைத்துவிடுவார் சார்."

அமெரிக்காவில் என் காரை டிரக்கில் வேறு ஊருக்கு அனுப்ப அட்வான்ஸ் வாங்கிக்கொண்ட கம்பெனிக்காரர் போனில் சொன்னது இது. கிடைத்துவிடுவாராம்! அப்படியானால் ஒரு வாரமாக "உங்கள் டிரைவர் கிளம்பிவிட்டார்" என்று சொன்னீர்களே, அவர் யார்? இதைத்தான் கேட்டேன். "அவர் வேறு டிரைவர் சார்." சரி, அவர் எங்கே? "அவருடைய டிரக் ரிப்பேர்." எந்த ஊரில்? பதில் இல்லை. கீபோர்டு தட்டும் சத்தம் மட்டும். "டிஸ்பேட்ச்சில் கேட்டுச் சொல்கிறேன், லைனில் இருங்கள்." பாட்டு போட்டார்கள். பதினொரு நிமிடம் ஒரே பாட்டு. திரும்பி வந்தது வேறொருவர். பெயர் என்ன, கார் என்ன மாடல், எங்கிருந்து எங்கே போகணும், வண்டி ஸ்டார்ட் ஆகுமா என்று முதலிலிருந்து தொடங்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாம் சொன்னேன். "சூப்பர் சார். இன்னும் 250 டாலர் சேர்த்துக் கொடுத்தால்..."

டிரக் ரிப்பேரும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அமெரிக்காவில் கார் அனுப்பித் தருகிறோம் என்று இணையத்தில் மினுக்கும் பல கம்பெனிகளுக்குச் சொந்தமாக ஒரு டயர்கூடக் கிடையாது. எல்லாம் புரோக்கர்கள். என் காரை லோட் போர்டில், அதாவது டிரைவர்கள் சரக்கு தேடும் இணையப் பலகையில், ஒரு விலை போட்டு ஏற்றிவிட்டு, எந்த டிரைவராவது எடுக்கிறாரா என்று வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வேலை. எட்டு, ஒன்பது கார் ஏற்றும் டிரெய்லர்காரர், கூடுதல் காசு தரும் பக்கத்துக் காரை விட்டுவிட்டு என் காரை ஏன் தொடுவார்? அவர் தொடமாட்டார் என்று புரோக்கருக்கும் தெரியும். தெரிந்தேதான் மற்றவர்களைவிட மலிவாகச் சொல்லி என்னிடம் அட்வான்ஸைக் கறந்தார்.

கேட்டால், "லைசென்ஸ் இருக்கு சார், 75,000 டாலர் பாண்டு இருக்கு சார்" என்று பெருமை வேறு. அந்த லைசென்ஸும், பாண்டு என்கிற பிணைத்தொகையும் சட்டப்படி எல்லா புரோக்கரும் வைத்திருக்க வேண்டியதுதானய்யா! பாண்டுத் தொகையை 2013-இல் 10,000-லிருந்து ஏற்றினார்கள். ஹெல்மெட் போட்டதற்கு மாலை கேட்கிற மாதிரி இருக்கிறது.

இதற்கிடையில், ஒரே ஒரு தளத்தில் விலை விசாரிக்க போன் நம்பர் கொடுத்த பாவத்துக்கு, என் நம்பரை ஊர் முழுக்க விற்றுவிட்டார்கள். குளிக்கப் போய் வருவதற்குள் பதினேழு அழைப்புகள். எல்லோரிடமும் டிரைவர் "ரெடி".

கடைசியில் அந்த 250-ஐ அழுதேன். கார் வந்தது இரவு பத்தரைக்கு. கும்மிருட்டில் செல்போன் வெளிச்சத்தில் கீறல் தேடினேன். பார்க்காமல் பில் ஆஃப் லேடிங்கில், அதாவது கார் எந்த நிலையில் வந்தது என்று குறிக்கும் ரசீதில், கையெழுத்துப் போட்டால் அப்புறம் இழப்பீடு கேட்டு அலைய வேண்டியதுதான். மீதிப் பணம் டிரைவர் கையில் ரொக்கமாக. அவர் பாவம், நல்ல மனிதர். எண்ணிக்கொண்டே சொன்னார்: "ஒரு வாரமா உங்க காரை போர்டுல பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். நாங்க எல்லாருமே பார்த்தோம். அந்த விலையைப் பார்த்துச் சிரிச்சோம். நேத்துதான் எடுக்கிற மாதிரி ஆச்சு."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேறென்ன செய்வது?

ஆனால் அந்தப் பதினொரு நிமிடப் பாட்டு இருக்கிறதே, அதை இன்று காலை பல் தேய்க்கும்போது நானே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அதற்கு எவன் இழப்பீடு தருவான்?