சமர்கண்ட்டைக் கட்டினது தைமூர் இல்ல

போன வாரம் நண்பர் ஒருத்தர் உஸ்பெகிஸ்தான்ல இருக்கற சமர்கண்ட் போயிட்டு வந்து போட்டோவா அனுப்பித் தள்ளிட்டார். கட்டடங்கள்ல ஓடு ஓடா பதிச்ச அந்த நீலம் இருக்கே, பார்த்துட்டே இருக்கலாம். ஆனா கீழ "தைமூர் கட்டினது, என்னா ரசனைய்யா அந்த மனுஷனுக்கு"ன்னு எழுதியிருந்தார், அங்கதான் எனக்கு மனசு ஒப்பல. தைமூர்ங்கறது 14ம் நூற்றாண்டுல சமர்கண்ட்டைத் தலைநகரா வச்சு நாடுநாடா படையெடுத்த ராஜா. ரெண்டு நாளா இதே நெனப்பு, அதான் எழுதிடறேன்.

1387ல அவர் பிடிச்ச ஈரான் ஊரு இஸ்ஃபஹான். ஊர்க்காரங்க எதிர்த்து எழுந்தாங்கன்னு 70,000 தலைய வெட்டி கோபுரம் கோபுரமா அடுக்கினதா அந்தக்கால வரலாற்றுல எழுதி வச்சிருக்கு. 1398ல டெல்லி. 1401ல டமாஸ்கஸ், அதே வருஷம் பாக்தாத். பல இடத்துலயும் வெட்டறதுக்கு முன்னாடி கைவேலை தெரிஞ்சவங்கள மட்டும் தனியா ஒதுக்கி சமர்கண்ட்டுக்கு ஓட்டிட்டுப் போயிடுவாங்க. டெல்லில சிக்கின கல்தச்சர்கள மசூதி கட்டறதுக்குன்னே எடுத்து வச்சாங்க, 1399ல பீபி கானும் மசூதி ஆரம்பிச்சப்ப கல்லு இழுக்க 95 யானை. 1404ல ஸ்பெயின்லேருந்து தூதரா வந்த க்ளாவிஹோ எழுதறார், ஆமு தர்யா ஆத்தைத் தாண்டி சமர்கண்ட் பக்கம் யார் வேணா போகலாமாம், அங்கேருந்து திரும்பி வரணும்னா அனுமதிச் சீட்டு காட்டணுமாம். பிடிச்சிட்டு வந்தவங்க தப்பிச்சிடக் கூடாதுன்னு! ஊரா அது, ஜெயில்தானே?

தைமூர் மசூதி வாசல் உயரம் பத்தலன்னு இடிச்சு மறுபடி கட்டச் சொன்னதும், உடம்பு முடியாம பல்லக்குல வந்து குழிக்குள்ள நிக்கற வேலைக்காரங்களுக்கு மேலேருந்து கறித்துண்டையும் காசையும் வீசினதும் க்ளாவிஹோ எழுதினதுதான். ராஜாவுக்கு வேண்டியது பெருசா இருக்கணும், சீக்கிரமா முடியணும், அவ்ளோதான். அந்த அவசரத்துக்கு மசூதி சில வருஷத்துலயே உதிர ஆரம்பிச்சது, 1897 நிலநடுக்கத்துல இன்னும் சரிஞ்சது, இப்ப நாம பாக்கறதுல பெரும்பகுதி சோவியத் காலத்துலேருந்து எடுத்துக் கட்டினது.

ஆனா அந்த ஓட்டு வேலைய கிட்டப் போயி பாருங்க. நீலம், வெள்ளை, மஞ்சள்னு ஒவ்வொரு நிறத்துக்கும் வேற வேற சூடு, ஒண்ணா சுட்டா ஏதோ ஒண்ணு கெட்டுப்போகும். அதனால ஒரு நிறத்துக்கு ஒரு ஓடுன்னு தனித்தனியா சுட்டு, உளியால இலை, தண்டு, எழுத்துன்னு நகக்கண் அளவுக்குச் செதுக்கி, மொகத்தக் கீழ பாக்கக் கவுத்து அடுக்கி, பின்னாடி சாந்து ஊத்தி, காஞ்சதும் பலகையாத் தூக்கி சுவத்துல பதிக்கறாங்க. அடுக்கறப்ப அந்தக் கைவேலைக்காரனுக்கே படம் தெரியாது, எல்லாம் கையிலயும் மனசுலயும்தான். ரசனைங்கறது அந்தக் கையில இருந்தது.

"தைமூர் சேர்க்கலன்னா இத்தன ஊர் கலைஞர்கள் ஒண்ணா சேர்ந்திருப்பாங்களா, அவர் வம்சத்துல வந்த பாபர் வழியா ஹுமாயூன் கல்லறை, தாஜ்மகால் வரைக்கும் வந்திருக்குமா"ன்னு கேப்பாங்க. சேர்ந்ததுல புதுசா ஒண்ணு பொறந்தது உண்மை, நான் மறுக்கல. ஆனா இஸ்ஃபஹான் ஜும்மா மசூதில அந்த சுதை மிஹ்ராப் (தொழுகைத் திசையக் காட்டற சுவர் மாடம்) செஞ்சது 1310ல, தைமூர் பொறக்கறதுக்கு 26 வருஷம் முன்னாடி. ஊரை எரிக்காமலே அவங்க செஞ்சிட்டுதான் இருந்தாங்க. வானத்தைப் பாக்க ஆய்வுக்கூடம் கட்டின பேரன் உலுக் பேக்கை இவரோட சேத்துப் பேசவும் எனக்கு மனசு வரல.

தைமூர் தூங்கற கூர் ஏ அமீர் கல்லறை வாசல்ல ஒரு சின்ன எழுத்துப் பொறிப்பு இருக்கு, நண்பர் போட்டோல அது இல்ல. "எளிய அடியான், இஸ்ஃபஹான் கொத்தனார் முஹம்மது பின் மஹ்மூது செஞ்சது"ன்னு. இஸ்ஃபஹான். அந்தத் தலைங்கள அடுக்கின அதே ஊரு. அடுத்த தடவை யாராவது போனா அந்த வாசல்கிட்ட கொஞ்சம் நில்லுங்க, அந்தப் பேரை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க.