குதுப் மினாருக்கு நிழல் இல்லை

(கும்பகோணம். ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. குமாரின் சலூன். நாற்காலியில் அரசுப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். ஊருக்கே அவர் பி.டி. சார். குமார் அவரிடம் படித்தவன். படித்தவன் கையில் இப்போது சவரக் கத்தி இருக்கிறது. உரையாடலை இதை மனத்தில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.)

குமார்: வாங்க சார். என்ன இது, முகத்தில் பாதி ஒரு நிறம், பாதி வேறு நிறமாக இருக்கிறதே?

பி.டி. சார்: ஆட்டோவில் எப்போதும் ஒரே பக்கமாக உட்கார்ந்துவிட்டேன். டில்லிக்குப் போயிருந்தேன்டா. தனியாக!

குமார்: மே மாதத்திலா?

பி.டி. சார்: வாத்தியாருக்கு லீவு மே மாதத்தில்தானே?

குமார்: அரையாண்டு லீவு டிசம்பரில் வருமே சார்.

பி.டி. சார்: டிசம்பரில் யார் வேண்டுமானாலும் போவான். இருபது வருஷம் மைதானத்து வெயிலில் பிகில் ஊதியவன்டா நான். டில்லி வெயில் என்னை என்ன செய்துவிடும்?

குமார்: என்ன செய்தது?

பி.டி. சார்: ...முதலில் தாடையைப் பார். அங்கே தோல் உரிகிறது, மெதுவாக.

குமார்: வீட்டில் அம்மா வரவில்லையா சார்?

பி.டி. சார்: கூப்பிட்டேன். "வெயில் பார்க்க டில்லி வரை எதற்கு, மொட்டைமாடி போதாதா?" என்று கேட்டுவிட்டுத் தங்கையோடு கொடைக்கானல் போய்விட்டாள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் நாக்பூர் வருவதற்குள்ளேயே அவள் சொன்னதில் நியாயம் இருப்பது தெரிந்துவிட்டது. ஆனால் ரயில் திரும்பாதே!

குமார்: அவ்வளவு சூடா?

பி.டி. சார்: காலையில் குளிக்கலாம் என்று குழாயைத் திறந்தால் வெந்நீர். கீசரை யாரோ போட்டுவிட்டார்கள் என்று சுவிட்சைத் தேடினால், அந்த லாட்ஜில் கீசரே இல்லை. மாடித் தொட்டியில் தானாகக் காய்ந்த தண்ணீர். குளித்துவிட்டுத் துண்டை எடுக்கத் திரும்புவதற்குள் உடம்பு உலர்ந்துவிட்டது. நம் ஊர் மாதிரி வேர்க்காது, காய்ந்த காற்று. லூ என்று பெயர். மேற்கே ராஜஸ்தான் பக்கத்திலிருந்து வீசும்.

குமார்: குதுப் மினார் பார்த்தீர்களா சார்?

பி.டி. சார்: அதற்காகத்தானே போனேன்! 379 படி. ஏப்ரலிலிருந்தே திருச்சி மலைக்கோட்டையில் ஏறி இறங்கிப் பயிற்சி. முழங்காலுக்குப் பட்டையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு போய், படி எங்கே என்று கேட்டேன்.

குமார்: எங்கேயாம்?

பி.டி. சார்: உள்ளேதான் இருக்கிறதாம். 1981இல் நெரிசல் விபத்து நடந்ததிலிருந்து யாரையும் ஏற விடுவதில்லை.

குமார்: சார்... அப்போது நான் பிறக்கவே இல்லையே!

பி.டி. சார்: எனக்கு மட்டும் யார் சொன்னார்கள்? சரி, ஏறத்தான் முடியவில்லை, நிழலிலாவது உட்காரலாம் என்று பார்த்தேன். எழுபத்திரண்டரை மீட்டர் உயரம். செங்கல்லால் கட்டிய மினார்களில் உலகத்திலேயே உயரமானது என்கிறார்கள். எவ்வளவு நிழல் விழ வேண்டும்?

குமார்: ஒரு தெருவுக்கே விழுமே.

பி.டி. சார்: மே மாத உச்சிவெயிலில் சூரியன் நேர் மண்டைக்கு மேலே. அவ்வளவு பெரிய மினாரின் நிழல் அதன் காலடியை விட்டு நகரவில்லை. அங்கே போய் நிற்கவும் முடியாது, சுற்றிக் கம்பித் தடுப்பு.

குமார்: (சிரித்து) ஆடாதீங்க சார், கத்தி இருக்கிறது.

பி.டி. சார்: சிரித்தது நீடா.

குமார்: அங்கேயே ஒரு இரும்புத் தூண் இருக்கிறதாமே? துருப்பிடிக்காதாம்.

பி.டி. சார்: ஆமாம், குப்த வம்சத்து இரண்டாம் சந்திரகுப்தர் காலத்துத் தூண். சுமார் 1600 வருஷம். ஏழு மீட்டருக்கு மேல் உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை. அந்த இரும்பில் பாஸ்பரஸ் கூடுதல். அதனால் மேலே மெல்லிய படலம் ஒன்று படிந்து துருவைத் தடுக்கிறது.

குமார்: நான் போன தீபாவளிக்கு வாங்கிய கத்தரிக்கோல் பொங்கலுக்குள் துருப்பிடித்துவிட்டது சார். பாஸ்பரஸ் எங்கே விற்கிறார்கள்?

பி.டி. சார்: கேள், இன்னும் இருக்கிறது. தூணில் முதுகை ஒட்டி நின்று, கையைப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிப்பிடித்து, விரல் கோத்துவிட்டால் நினைத்தது நடக்குமாம். ஊரே கட்டிப்பிடித்துத் தூண் தேய்கிறது என்று 1997இல் வேலி போட்டுவிட்டார்கள். எனக்கு ஒரே வருத்தம்.

குமார்: மே மாதத்து மத்தியானத்தில், ஏழு மீட்டர் இரும்பைக் கட்டிப்பிடிக்க முடியவில்லையே என்று வருத்தமா? வேலி போட்டவருக்கு நீங்கள் மாலை போட வேண்டும் சார்.

(பி.டி. சார் கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பார்க்கிறார்.)

பி.டி. சார்: அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை.

குமார்: செங்கோட்டை?

பி.டி. சார்: நான் போய் இறங்கியது திங்கட்கிழமை. செங்கோட்டைக்குத் திங்கள் லீவு. சரி, நேஷனல் மியூசியம் போகலாம் என்றால் அதற்கும் திங்கள் லீவு. தாமரைக் கோயில், அக்ஷர்தாம், எல்லாவற்றுக்கும் திங்கள்.

குமார்: எங்களுக்குச் செவ்வாய். யாரும் கேட்டுவிட்டு வருவதில்லை, கதவைப் பார்த்து எங்களைத் திட்டிவிட்டுப் போகிறார்கள்.

பி.டி. சார்: அன்றைக்குத் திறந்திருந்தது ஜந்தர் மந்தர். ஜெய்சிங் மகாராஜா 1724இல் கட்டிய வானியல் கூடம். இருபது மீட்டர் உயரத்துக்கு ஒரு சூரியக் கடிகாரம். அதன் நிழல் நகர்வதை வைத்து மணி சொல்லலாம்.

குமார்: மணி பார்க்க வெயிலில் நிற்கணுமா?

பி.டி. சார்: நின்றேனே! கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்க்கலாம் என்று நின்றேன். பார்த்து முடிப்பதற்குள் கண்ணில் பூச்சி பறந்தது. பக்கத்துச் சாலையில் ஏதோ போராட்டம். நம் ஊர் விவசாயிகள் 2017இல் மண்டையோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்களே, அந்த இடம்தான். ஒரு சாமியானா போட்டிருந்தார்கள். அதில் போய் உட்கார்ந்தேன்.

குமார்: என்ன கோரிக்கையாம்?

பி.டி. சார்: யாருக்குத் தெரியும்? இந்தியில் கத்தினார்கள். அவர்கள் கை தூக்கியபோது நானும் தூக்கினேன். மோர் கொடுத்தார்கள். நியாயமான கோரிக்கையாகத்தான் இருக்கும்.

குமார்: வேறு எங்கே நிழல் கிடைத்தது?

பி.டி. சார்: லோதி தோட்டம். 1936இல் திறந்த பூங்கா, உள்ளே சுல்தான்களின் கல்லறைகள், பெரிய பெரிய மரங்கள். வழியெல்லாம் சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்குகிறது. அழகு என்றால் அழகு! ஆனால் ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு ஜோடி. மரத்தை மறைத்துக்கொண்டு ஒரு ஜோடி, கல்லறை மாடத்துக்குள் ஒரு ஜோடி. ஐம்பத்தைந்து வயதில், தலையில் ஈரத் துண்டோடு, நான் மட்டும் ஒற்றையாள். ஒரு பையனிடம் "கொஞ்சம் நகருப்பா, நிழலுக்காகத்தான்" என்று சைகை காட்டினேன்.

குமார்: நகர்ந்தானா?

பி.டி. சார்: பெண்ணின் அப்பா என்று நினைத்து ஓடியே போய்விட்டான். மரம் முழுக்க எனக்கு.

குமார்: அந்தப் பாவம் சும்மா விடாது சார். ஜும்மா மசூதி போனீர்களா?

பி.டி. சார்: போனேன். ஷாஜகான் கட்டியது. முற்றத்தில் இருபத்தைந்தாயிரம் பேர் தொழலாம். செருப்பைக் கழற்றிவிட்டுக் கீழே கால் வைத்தால் செங்கல் நிற மணற்கல், காலை பத்து மணிக்கே கொதிக்கிறது. நடுவில் நடப்பதற்கு ஒரு விரிப்பு போட்டிருக்கிறார்கள். எல்லாரும் அதில் ஒழுங்காக வரிசையாகப் போகிறார்கள்.

குமார்: நீங்கள்?

பி.டி. சார்: குறுக்கே போனால் சீக்கிரம் போகலாமே என்று நினைத்தேன்.

குமார்: (கையை நிறுத்தி) சரி, போனீர்களா?

பி.டி. சார்: போனேன். பள்ளியில் நூறு மீட்டர் ஓட்டத்துக்கு நான் வைத்திருக்கும் நேரத்தைவிடக் குறைவில் போனேன். பசங்களுக்கு இனிமேல் பயிற்சி எப்படிக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

குமார்: சார், அப்படியொன்றும் கொடுத்துவிடாதீர்கள். என் பையன் இந்த வருஷம் உங்கள் வகுப்புதான்.

பி.டி. சார்: உண்மையைச் சொல்லட்டுமா? டில்லியில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஹுமாயூன் சமாதி. சுவர் ஒவ்வொன்றும் அவ்வளவு தடிமன். ஜன்னலுக்குப் பதில் கல்லில் சல்லடை செதுக்கிவைத்திருக்கிறான், காற்று அதில் வடிந்து வருகிறது. முகலாயர் குடும்பத்தில் நூறு பேருக்கு மேல் அங்கேதான் படுத்திருக்கிறார்கள். அந்தக் குளுமையைப் பார்த்ததும் எனக்கும் அவர்கள் பக்கத்தில் படுக்கலாம் போலிருந்தது.

குமார்: ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க சார். அதுவும் தாஜ்மகால் மாதிரி ராணிக்குக் கட்டியதா?

பி.டி. சார்: தலைகீழ். ராஜாவுக்கு ராணி கட்டியது. ஹுமாயூன் படிக்கட்டில் விழுந்து இறந்தபிறகு மூத்த மனைவி பேகா பேகம் கட்டினாள். தாஜ்மகாலுக்கு எழுபது எண்பது வருஷம் முன்னாலேயே. இதை ராத்திரி போனில் வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

குமார்: என்ன சொன்னார்கள்?

பி.டி. சார்: "படியேறும்போது பார்த்து ஏறுங்கள், எனக்கு அவ்வளவு வசதி கிடையாது" என்றாள்.

குமார்: (சிரித்துக்கொண்டே தண்ணீர் பீய்ச்சுகிறான்) தாமரைக் கோயில்?

பி.டி. சார்: வெள்ளைப் பளிங்கில் 27 இதழ். சுற்றி ஒன்பது குளம், காற்று அதன் மேல் தவழ்ந்து உள்ளே குளிர்ச்சியாக வரும்படி கட்டியிருக்கிறார்கள். உள்ளே பேசக் கூடாது. எனக்கென்ன, பேச ஆளே இல்லையே! உட்கார்ந்தேன், கண்ணை மூடினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் தோளைத் தொட்டு எழுப்பினாள்.

குமார்: மூட நேரம் ஆகிவிட்டதா?

பி.டி. சார்: இல்லை. பேசக் கூடாது என்றால் குறட்டையும் சேர்த்தியாம்.

குமார்: சாந்தினி சவுக், பார்லிமெண்ட், கனாட் பிளேஸ்?

பி.டி. சார்: எல்லாம் பார்த்தேன். ஒரே மத்தியானத்தில்.

குமார்: அதெப்படி சார் அவ்வளவு வேகமாக?

பி.டி. சார்: அடியிலிருந்து பார்த்தேன்.

குமார்: அடியிலிருந்தா?

பி.டி. சார்: மெட்ரோடா! மஞ்சள் பாதை. எல்லாவற்றுக்கும் அடியிலேயே போகிறது, முழுக்க ஏசி. "சாந்தினி சவுக்" என்று பெண் குரல் சொல்லும். மேலே அண்ணாந்து பார்த்துக்கொள்வேன். கனாட் பிளேஸுக்கு ராஜீவ் சவுக், பார்லிமெண்டுக்குச் சென்ட்ரல் செக்ரடேரியட். குருகிராம் வரை போய்த் திரும்பி வந்தேன். ரொம்ப நேரம் வெளியே வராமல் சுற்றினால் கூடுதலாகக் காசு பிடிப்பார்கள் என்று ஒருத்தர் சொன்னார். அப்போதுதான் இறங்கினேன்.

குமார்: போட்டோவைக் காட்டுங்க சார். ...என்ன சார், எல்லாவற்றிலும் உங்கள் நெற்றி மட்டும் இருக்கிறது?

பி.டி. சார்: எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டாமா?

குமார்: இதில் இந்தியா கேட் உங்கள் மண்டையிலிருந்து முளைத்த மாதிரி இருக்கிறது. பரவாயில்லை, அங்கே ஏதாவது முளைத்தால் எனக்கும் தொழில் நடக்கும். இதென்ன கோபுரம்? நம் ஊர்க் கோயில் மாதிரி இருக்கிறதே?

பி.டி. சார்: அது... ஆர்.கே. புரத்தில் ஒரு சின்னக் குன்றின் மேல் இருக்கிறது. முருகன் கோயில். 1973இல் கும்பாபிஷேகம் ஆனது. மலை மந்திர் என்பார்கள்.

குமார்: பெயர்ப் பலகையில் "உத்தர சுவாமிமலை" என்றல்லவா இருக்கிறது!

பி.டி. சார்: ம்.

குமார்: சார், சுவாமிமலை நம் கடை வாசலிலிருந்து டவுன் பஸ்ஸில் எட்டு கிலோமீட்டர். அறுபது படி ஏற முழங்கால் வலிக்கிறது என்று கிருத்திகைக்கு அம்மாவை மட்டும் அனுப்புவீர்களே! இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போய்ச் சுவாமிமலையா பார்த்தீர்கள்?

பி.டி. சார்: அங்கே பொங்கல் கொடுத்தார்கள்டா. நாலு நாள் பரோட்டாவுக்குப் பிறகு.

குமார்: அடுத்த போட்டோ? நடராஜர்!

பி.டி. சார்: பாரத் மண்டபத்தின் முன்னால். 2023இல் ஜி-20 மாநாட்டுக்கு வைத்தார்கள். 27 அடி, பதினெட்டு டன், அஷ்டதாது, அதாவது எட்டு உலோகக் கலவை.

குமார்: எங்கே வார்த்ததாம்?

பி.டி. சார்: (மெதுவாக) சுவாமிமலையில்.

(குமார் கத்தியை மடித்து வைக்கிறான். பிறகு பேசுவதே நல்லது என்று முடிவு செய்ததுபோல் தெரிகிறது.)

குமார்: உங்கள் மனசு தெரிந்தால் அந்த நடராஜரையாவது லாரியில் ஏற்றாமல் இங்கேயே வைத்திருப்பார்கள்.

பி.டி. சார்: கிண்டல் செய்யாதே. டில்லி டில்லிதான். ஒரே ஊருக்குள் ஏழு தலைநகரம் இருந்ததாம். ஒவ்வொரு ராஜாவும் தனித்தனியாகக் கட்டியிருக்கிறான். இந்த வெயிலில் அவ்வளவு பேர் அங்கேதான் தலைநகரம் வேண்டும் என்று நின்றிருக்கிறார்கள். அதையே நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சரி, விஷயத்துக்கு வா. பள்ளி மைதானத்தில் ஒரு பந்தல் போட வேண்டும் என்று தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

குமார்: நல்லது சார்! பசங்க பாவம், வெயிலில் நிற்கிறார்கள். நானே எத்தனை ரவுண்டு ஓடியிருக்கிறேன்.

பி.டி. சார்: பசங்களுக்கு எதற்கு? எனக்கு.

குமார்: ...சரி. தலைநகரம்தான் உங்களுக்கு வேண்டுமென்றால் ஒன்று சொல்கிறேன். எங்கள் ஊர் எது, தெரியுமா?

பி.டி. சார்: பழையாறை.

குமார்: சோழர்களின் தலைநகரம். ராஜராஜனின் அக்கா குந்தவை அரண்மனை அங்கேதான் இருந்தது. நான் தினமும் தலைநகரத்திலிருந்துதான் டவுன் பஸ் பிடித்துக் கடை திறக்க வருகிறேன்.

பி.டி. சார்: அங்கே பார்க்க என்னடா இருக்கிறது?

குமார்: அரண்மனை மண்ணுக்கடியில் போய்விட்டது. சோமநாதர் கோயில் இருக்கிறது, கல்லெல்லாம் பிரமாதமான வேலைப்பாடு. நிழலும் இருக்கிறது. திங்கட்கிழமையும் திறந்திருக்கும்.

பி.டி. சார்: (எழுந்து கண்ணாடியில் இரண்டு பக்கமும் முகத்தைப் பார்த்துவிட்டு) சரி, செவ்வாய்க்கிழமை உனக்கு லீவுதானே, வருகிறேன். ஆனால் வீட்டில் சொல்லிவிடாதே. திடீரென்று ஒருநாள் அவளைக் கூட்டிப்போய், "பார், உனக்குத் தெரியாத தலைநகரம்" என்று காட்டுகிறேன்.

குமார்: அம்மா பங்குனியிலேயே வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள் சார். வெயில் ஏறுவதற்கு முன்னால்.