ஹெல்மெட் இல்லாத காட்சி தவறில்லை

'2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' (1968) படத்தில் விண்வெளி வீரர் போமேன் சிறு கலத்திலிருந்து ஹெல்மெட் இல்லாமல் வெற்றிடத்தின் வழியே பெரிய விண்கலத்துக்குள் பாயும் காட்சியை, படத்தின் பெரிய ஓட்டை என்று உங்கள் பதிவில் சொல்லியிருக்கிறீர்கள்: "அந்த நொடியே உடல் வெடித்திருக்கும், ரத்தம் கொதித்திருக்கும்." நண்பரே, இது சரியல்ல.

தோலும் ரத்தக் குழாய்களும் போதுமான அழுத்தத்தைக் கொடுப்பதால் ரத்தம் உடனே கொதிக்காது. உடல் வீங்கும், வெடிக்காது. உறைந்தும் போகாது, வெப்பத்தைக் கடத்திச் செல்ல அங்கே காற்றே இல்லையே. உண்மையான ஆபத்து ஆக்சிஜன் இல்லாததுதான். சுமார் 10 முதல் 15 நொடிக்குள் நினைவு தப்பிவிடும்.

ஊகமாகச் சொல்லவில்லை. 1966இல் ஹூஸ்டனில், நாசாவின் வெற்றிட அறையில் விண்வெளி உடையைச் சோதித்துக்கொண்டிருந்தவரின் உடைக்குக் காற்றழுத்தம் தரும் குழாய் கழன்றுவிட்டது. சுமார் 14 நொடிகளில் மயங்கினார். அறைக்குள் காற்றை விட்டதும் பிழைத்துக்கொண்டார். நாக்கில் எச்சில் குமிழியிட்டதுதான் அவருக்குக் கடைசியாக நினைவில் இருந்தது. போமேன் சில நொடிகளில் விண்கலத்தின் கதவை மூடிவிடுகிறார், அதனால் தப்பிப்பது சாத்தியமே. காற்று நிரம்பும்வரை சத்தமே கேட்காததும் மிகச் சரி. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

அந்தக் காட்சியில் உண்மையான பிழை சின்னது. பாய்வதற்கு முன் அவர் மூச்சை அடக்கிக்கொள்வதுபோல் தெரிகிறது. அப்படிச் செய்தால் உள்ளே விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும். மூச்சை வெளியே விட்டிருக்க வேண்டும். இன்னொரு பிழை வேண்டுமானால், படத்தில் வேறோர் இடத்தில் வரும் எடையற்ற பயணத்தில் ஸ்ட்ராவில் உறிஞ்சிய திரவம் வாயை எடுத்ததும் கீழே இறங்குவதைப் பாருங்கள்.