பெரியப்பாவின் கேள்வியும் ஒன்றரைத் தொன் கூட்டெருவும்

"விஞ்ஞானம் எடுத்து இவள் என்னத்தக் கண்டவள்? கந்தோரில இருந்து படிவம் நிரப்புறாள். அதுக்கு நாலு வருசம் கம்பஸ்!"

போன ஞாயிறு திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் சித்தி வீட்டில், பத்துப் பதினைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பெரியப்பா சொன்னது இது. சித்தியின் மகள் சாதாரண தரம் நல்லாகச் செய்திருக்கிறாள். உயர்தரத்துக்கு உயிரியல் எடுக்க ஆசைப்படுகிறாள். அதைத் தடுக்க உதாரணம் தேவைப்பட்டது. அந்த உதாரணம் நான்.

அதோடு விட்டாரா? "பசளைய நிப்பாட்டி வயலைக் கெடுத்ததும் உங்கட விஞ்ஞானந்தானே" என்று அடுத்ததையும் போட்டார். எனக்குப் பருப்பும் சோறும் தொண்டையில் நின்றது. இரசாயனவியல் படித்தவள் நான். ஒரு வார்த்தை வரவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று நாளாக மனதுக்குள்ளேயே அவரோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறேன். இனி இங்கே கொட்டினால்தான் தூக்கம் வரும்.

பெரியப்பா, பசளையை நிப்பாட்டியது விஞ்ஞானம் இல்லை. கோட்டாபயவின் 2019 ஜனாதிபதித் தேர்தல் விஞ்ஞாபனத்தில் பத்து வருடத்தில் சேதன விவசாயத்துக்கு மாறுவோம் என்று எழுதியவர்கள், 2021 மே மாதம் ஒரே வர்த்தமானியில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்கள். மேடையில் சொன்ன காரணம் விவசாயிகளுக்கு வரும் சிறுநீரக நோயும் நஞ்சில்லாத சோறும். கஜானாவில் டொலர் வற்றிக்கொண்டிருந்ததைப் பற்றி அந்த மேடையில் பெரிதாக யாரும் பேசவில்லை. அந்தச் சிறுநீரக நோய்க்கு என்ன காரணம் என்று ஆராய்ச்சி செய்தவர்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அமைச்சர்கள் வந்துவிட்டார்கள்!

அந்த மே மாதம் நான் அப்பாவுக்கு நாட்காட்டித் தாளின் பின்பக்கம் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். 50 கிலோ மூடையில் 23 கிலோ. நல்ல கூட்டெருவில் ஒன்று, ஒன்றரை சதவீதம் இருந்தாலே பெரிது. ஒரு யூரியா மூடையின் நைதரசனைக் கூட்டெருவில் எடுக்கக் குறைந்தது ஒன்றரைத் தொன் வேண்டும். அப்பாவுக்கு நாலு ஏக்கர், ஏக்கருக்கு இரண்டு மூடை என்று வையுங்கள். பன்னிரண்டு தொன். அதுவும் பயிர் கேட்கிற நேரத்துக்குக் கிடைக்காது, மெல்ல மெல்லத்தான் விடும். மாடு எங்கே, எரு எங்கே, ஏற்றி இறக்க ஆள் எங்கே? பத்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு இது. கொழும்பில் அத்தனை ஆலோசகர்கள் இருந்தும் அதைப் போட ஒரு தாள் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

பேசியவர்கள் இருந்தார்கள். விவசாயப் பேராசிரியர்கள் விளைச்சல் விழும் என்று முன்கூட்டியே சொன்னார்கள், கடிதம் எழுதினார்கள். உரத்துப் பேசிய பேராதனைப் பேராசிரியர் ஒருவரை விவசாய அமைச்சின் பொறுப்புகளிலிருந்தே விலக்கினார்கள். அப்புறம் சீனாவிலிருந்து சேதனப் பசளைக் கப்பல் வந்தது. மாதிரியில் தீங்கான பற்றீரியா இருக்கிறது என்று நம்முடைய தாவரத் தொற்றுத்தடுப்பு ஆய்வுகூடம் சொல்லிவிட்டது. கப்பல் சரக்கை இறக்காமல் திரும்பியது, ஏறத்தாழ 70 இலட்சம் டொலர் மட்டும் அங்கே போனது. அந்த முழுக் கூத்திலும் விஞ்ஞானம் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அந்த ஆய்வுகூடத்தில்தான் நடந்தது. அதற்கும் நாங்கள் காசு கட்டினோம்.

நவம்பர் கடைசியில் தடை தளர்ந்தது. விதைப்பு முடிந்து பயிர் நின்ற நேரம். யூரியா கடைக்கு வந்து சேர்வதற்குள் பெரும்போகம் கைவிட்டுப் போய்விட்டது. ஏக்கருக்கு முப்பது மூடை நெல் வெட்டுகிற அப்பா, 2022 மாசியில் ஏக்கருக்குப் பதினான்கு மூடையோடு வந்து திண்ணையில் குந்தினார். அன்றைக்கு அவர் என்னைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை.

சரி, பெரியப்பாவிடம் ஒரு நியாயமும் இல்லையா? இருக்கிறது. அதுதான் எனக்கு எரிச்சல். படித்தவர்களை நம்ப அவருக்கு நாங்கள் என்ன காரணம் கொடுத்தோம்? கொரோனா நேரத்தை நினைத்துப் பாருங்கள். கொரோனாவில் இறந்தவர்களைப் புதைத்தால் நிலத்தடி நீரில் வைரஸ் கலந்துவிடும் என்று சொல்லி, 2020 சித்திரையிலிருந்து 2021 மாசி வரை அந்த உடல்கள் எல்லாவற்றையும் எரித்தார்கள், புதைப்பதே வழக்கமான முஸ்லிம்களுடையதையும். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. பிறந்து இருபது நாளான குழந்தையைக்கூட விடவில்லை. அதற்கு நிபுணர் குழு என்று ஒன்று இருந்தது. அதில் இருந்தவர்கள் தெருவில் போனவர்கள் இல்லை, பட்டம் பெற்றவர்கள். கிண்ணியாவில் இருக்கும் என் முஸ்லிம் கம்பஸ் தோழி அந்த நாட்களில் தொலைபேசியில் கேட்டாள்: "நீயும் நானும் ஒரே பாடந்தானே படிச்சம், தண்ணிக்குள்ள எப்படியடி போகும்?" போகாது என்று எனக்குத் தெரியும். அவளிடம் மட்டும் சொன்னேன். வெளியே வாய் திறக்கவில்லை. 2024 ஆடியில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. எரித்தது எரித்ததுதானே.

இன்னொரு பக்கம் கொரோனாவுக்கு மருந்தென்று சொன்ன ஒரு பாணி. கேகாலையில் ஒருவர் காளி சொன்னாள் என்று காய்ச்சிய பாணியை அன்றைய சுகாதார அமைச்சரே கமராவுக்கு முன்னால் குடித்தார். அடுத்த மாதம் அவருக்கே தொற்று. இதில் ஒரு சின்ன விஷயம்: அந்தப் பாணியில் ஒரு போத்தல் எடுப்பிக்க எங்கள் உறவில் மூன்று பேரிடம் சொல்லி வைத்தவர் யார் தெரியுமா? பெரியப்பாதான். விஞ்ஞானத்தை நம்பமாட்டாராம்!

என் பட்டத்தைப் பற்றிக் கேட்டார் அல்லவா. வெட்டுப்புள்ளி வந்த நாளில் அதே பெரியப்பாதான் வெடி கொளுத்தியவர். விஞ்ஞானத்துக்கான பல்கலைக்கழக இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 மாவட்ட அடிப்படை, 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பின்தங்கிய பதினாறில் ஒன்று. அதை நான் குறை சொல்லவில்லை, அந்தக் கதவால்தான் நான் உள்ளே போனேன். உள்ளே போனபின் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நான் படித்த இடத்தில், செய்முறைக்கு வேண்டிய ஒரு கருவி இரண்டு வருடம் பழுது. அதை எப்படி இயக்குவது என்று கரும்பலகையில் படம் கீறித் தந்தார்கள். ஒருமுறை விரிவுரையில் கேள்வி கேட்டேன். "அது சோதினைக்கு வராது" என்பது பதில். கொப்பியில் இருந்ததை அப்படியே எழுதியவர்களுக்கு முதல் வகுப்பு. நானும் எழுதினேன், பொய் சொல்லக் கூடாது. ஆராய்ச்சிக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதத்தை ஒட்டிச் செலவழிக்கிற நாட்டில் அந்தக் கருவி திருந்தியிருந்தால்தான் அதிசயம்.

பட்டம் வாங்கி வீட்டிலிருந்த காலத்தில் 50,000 பட்டதாரிகளுக்கு வேலை என்று 2020இல் அறிவித்தார்கள். மாதம் 20,000 ரூபாய், ஒரு வருடப் பயிற்சி. அதில்தான் நானும் போனேன். யாருக்கு என்ன தெரியும் என்று ஒருவரும் பார்க்கவில்லை, காலியாக இருந்த கதிரையில் இருத்தினார்கள். இன்றைக்கு நான் பயனாளிகள் பட்டியல் தட்டச்சுச் செய்கிறேன். இங்கிருந்து வடக்கே போனால் புல்மோட்டைக் கரையில் கறுப்பு மணல். இல்மனைட். அதிலிருந்துதான் வெள்ளைப் பெயின்ற்றுக்குப் போடும் தைத்தானியம் ஈரொட்சைட்டு எடுக்கிறார்கள், எங்கேயோ ஒரு நாட்டில். நாம் மணலைக் கப்பலில் ஏற்றுகிறோம், அந்த வெள்ளைத் தூளை டொலர் கொடுத்து இறக்குகிறோம். என் அலுவலகச் சுவருக்குப் போன வருடம் பூசினார்கள். அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டேதான் பட்டியல் அடிக்கிறேன்.

இதையெல்லாம் சித்தி வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, பாயாசத்தைக் குடித்துவிட்டு வந்தேன்.

நேற்று இரவு சித்தியின் மகள் வட்சப்பில் எழுதியிருக்கிறாள். உயிரியல்தானாம், பெரியப்பாவுக்கு இன்னும் தெரியாதாம். ஊர்ப் பள்ளியில் விஞ்ஞானப் பிரிவு இல்லாததால் விடியப்புறம் பஸ் எடுத்து டவுணுக்கு வர வேண்டும், பின்னேரம் ரியூசன். என்னுடைய பழைய இரசாயனவியல் கொப்பிகள் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். பரணில் ஒரு பெட்டி கிடக்கிறது. கறையான் எதை மிச்சம் விட்டது என்று இந்தச் சனிக்கிழமை இறக்கிப் பார்க்க வேண்டும்.